கைப்பிடியைப் பிடித்து நடந்தவள்

கல்முனைக்குடி
25.06.2024

காக்கா, ஸலாம்.

போனில் கதைத்தால் நீங்கள் அழுகிறீர்கள், நான் ஏசுகிறேன். ஹஜ்ஜுப் பெருநாள் அன்று நாம் இருவரும் கத்திய கத்தலில் அடுத்த வளவுக் கோழியெல்லாம் பறந்ததாம். அது போதும். இனி ஈமெயிலில் எழுதுகிறேன். நான் தட்டும் ஒவ்வொரு சொல்லையும் கம்ப்யூட்டர் எனக்கு வாசித்துக் காட்டும். ஏச்சையும் அது அமைதியான குரலில்தான் வாசிக்கும் என்பதால் எனக்கே கோபம் குறைந்துவிடுகிறது.

வீடு வடிவாம். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். கண் தெரியாத பெண்ணுக்கு இப்படி ஒரு வீடு இந்தக் கரையிலேயே இல்லையாம். உம்மா மௌத்தாகி நம்மை விட்டுப் போன பிறகு எனக்கு வீடு தரும் கடமை மூத்த மகனான உங்கள் தலையில் விழுந்தது. பிள்ளையும் இல்லாமல், கட்டிய மனைவி றாஹிலா மச்சியை அவளது வீட்டில் தனியே விட்டுவிட்டு, கட்டாரில் கம்பனிக்குக் கட்டடப் படம் கீறிக் கீறிச் சேர்த்துக் கட்டினீர்கள். அதை நான் மறக்கவில்லை. நன்றி கெட்டவள் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

ஆனால் இந்த வீட்டில் எனக்குப் பயமாக இருக்கிறது காக்கா.

பழைய வீட்டில் எனக்கு எல்லாம் தெரிந்தது. கதவு கிரீச்சிட்டால் ஆள் வந்துவிட்டது. நிலைப்படியில் கால் வைக்கும் விதத்திலேயே யார் என்று சொல்லிவிடுவேன். வாசலில் கிடக்கும் செருப்பைக் காலால் தடவினால் உள்ளே எத்தனை பேர் என்று விளங்கும். கிழக்கு யன்னலால் கடல் கேட்கும், அதற்கு முதுகைக் கொடுத்தால் கிப்லா, தொழும் திசை. நீங்கள் என்ன செய்தீர்கள்? நான் தடுக்கி விழுவேன் என்று நிலைப்படிகளை எடுத்துவிட்டீர்கள். கதவெல்லாம் சத்தமே இல்லாமல் வழுக்கி ஓடுகிறது. செருப்புக் காலில் மாட்டும் என்று சுவருக்குள் அலுமாரி வைத்து மூடிவிட்டீர்கள். யன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. போன கிழமை நான் கடலைப் பார்த்து லுஹர் தொழுதிருக்கிறேன். றாஹிலா மச்சி வந்து தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள். வெட்கமாகப் போய்விட்டது.

சுவர் நெடுக இடுப்பு உயரத்தில் ஒரு கைப்பிடி பூட்டியிருக்கிறீர்களே, அதை நான் தொடுவதே இல்லை. எனக்கு நடுவால் நடந்துதான் பழக்கம். பின்னேரங்களில் அஸர் தொழுததும் கதவைப் பூட்டாமல் சாத்திவிட்டு அடுத்த தெருவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கப் போவேன், பொழுது பட்டு மஃரிபுக்கு வருவேன். முந்தநாள் வந்து நுழையும்போது தற்செயலாகக் கை அந்தக் கைப்பிடியில் பட்டது. வெயில் எட்டாத இடம், ஆனால் சூடாக இருந்தது. வெயில் சூடு எனக்குத் தெரியும். இது கை பிடித்திருந்த சூடு. ஒரு சாண் தள்ளித் தொட்டேன், குளிர்.

"ஆரு?" என்று கேட்டேன். மூக்கை உயர்த்தி மணந்து பார்த்தேன். புதுப் பெயின்ட் மணத்தில் ஆள் மணமும் பிடிபடவில்லை. குசினிக்குப் போனேன். சீனிப் போத்தல் அதன் இடத்தில்தான் இருந்தது, மூடியை மட்டும் நான் திருகும் இறுக்கத்தில் திருகியிருக்கவில்லை.

எனக்கு ஒரு நிலைப்படியும் சத்தம் போடும் ஒரு கதவும் வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

சுஹறா


தோஹா
28.06.2024

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை வேலைத்தலத்தில் வாசித்திருக்கக் கூடாது. பக்கத்துக் கதிரைக்காரன் ஊரில் யாரும் மௌத்தா என்று கேட்டான்.

நான் என் இஷ்டத்துக்குக் கட்டவில்லை. இங்கே ஆஸ்பத்திரிக்கும் விமான நிலையத்துக்கும் நாங்கள் இந்த முறையில்தான் படம் கீறுகிறோம். கைப்பிடி எந்த உயரத்தில் ஓட வேண்டும், கதவு எவ்வளவு லேசாகத் திறபட வேண்டும், தரையில் எங்கே மேடு இருக்கக் கூடாது, எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. எல்லா மனிதருக்கும் பொருந்த வேண்டும் என்று படித்தவர்கள் எழுதி வைத்த விதி. கதவு சத்தம் போடக் கூடாது என்று மரவேலை செய்த நல்லரெத்தினம் ஓடாவியைத் திரும்பத் திரும்பக் கழற்றிப் பூட்ட வைத்தேன். பாண்டிருப்பிலிருந்து வந்து போகும் அந்த மனிதன் என்னை மனதுக்குள் எவ்வளவு திட்டியிருப்பான்.

என்னிடம் கேட்டீர்களா என்று பெருநாள் அன்று நீ கேட்டாய். பெண்ணுக்கு வீடு கட்டும்போது பெண்ணைக் கேட்கும் வழக்கம் நமது ஊரில் எப்போது இருந்தது? றாஹிலாவின் வாப்பா அவளைக் கேட்டா அவளது வீட்டுக்குக் குசினி வைத்தார்? கட்டி முடித்துச் சாவியைக் கையில் தருவார்கள். அதில்தான் பாசம் இருக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். அவளும் இப்போது வீடியோவில் வருவதில்லை, குரல் மட்டும்தான். வேலை இருக்கிறது என்று பட்டென்று வைத்துவிடுகிறாள். உங்கள் இருவருக்கும் நான் என்ன குறை வைத்தேன் என்று விளங்கவில்லை.

கைப்பிடி சூடு என்றால் மேற்குச் சுவர் வெயிலில் காய்ந்திருக்கும். மூடி விஷயம் மறதி.

நீ கோபத்தில்தான் எழுதுகிறாய், எனக்குத் தெரியும். நீ பழகிக்கொண்டு வருகிறாய் அம்மா. நேற்று அங்கே அஸர் முடிந்த நேரம், எனக்கு இங்கே பகல் சாப்பாட்டு நேரம். நீ கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மண்டபத்தில் மெதுவாக நடந்தாய். மூலை வந்ததும் நின்று, விரலால் வளைவைத் தடவிப் பார்த்துத் திரும்பினாய். முந்தநாளும் அப்படித்தான். சோற்றை அப்படியே வைத்துவிட்டு அழுதேன். இத்தனை வருஷ வெயிலுக்கும் அது போதும் என்றிருந்தது.

காக்கா நஸீம்


கல்முனைக்குடி
28.06.2024

காக்கா,

இரண்டு கேள்வி கேட்கிறேன், சுற்றி வளைக்காமல் பதில் எழுதுங்கள்.

தோஹாவில் இருக்கும் நீங்கள் என் வீட்டு மண்டபத்தை எப்படிப் பார்த்தீர்கள்?

நேற்றும் முந்தநாளும் அஸருக்குப் பிறகு நான் வீட்டில் இல்லை. பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் பார்த்தது யாரை?

சுஹறா


தோஹா
30.06.2024

தங்கச்சிக்கு,

ஓம், மண்டபத்தின் மேல் மூலையில் ஒரு கமரா இருக்கிறது. அறைகளில் இல்லை, அல்லாஹ் மீது சத்தியமாக. நீ விழுந்து கிடந்தாலும் ஒருவருக்கும் தெரியாமல் போய்விடும் என்ற பயத்தில் பூட்டினேன். சொன்னால் வேண்டாம் என்பாய் என்று சொல்லவில்லை. அதற்கு நீ எவ்வளவு ஏசினாலும் கேட்டுக்கொள்கிறேன், பிறகு ஏசு. இப்போது நான் சொல்வதைக் கேள்.

சேமித்து வைத்திருக்கும் படங்களையெல்லாம் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நீ வெளியே போகிறாய். சற்று நேரத்தில் முன் கதவு வழுக்கித் திறக்கிறது. கறுப்பு அபாயா, கறுப்பு முக்காடு. உன் உயரம், உன் உடம்பு. கமரா மேலே இருப்பதால் முகம் விழவில்லை. கையைக் கைப்பிடியில் வைத்துக்கொண்டு சுவரோடு சுவராகப் போகிறாள். குசினிக்குள் போய் நெடுநேரம் நிற்கிறாள். திரும்பி வருகிறாள். மறுபடி நடக்கிறாள். ஒன்றையும் எடுத்துப் போவதில்லை. நீ வருவதற்குச் சற்று முன் பின்பக்கத்தால் போய்விடுகிறாள். நீ அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து இது நடக்கிறது.

ஒரு நாள் நடுவில் நின்று முகத்தை மேலே தூக்கினாள். முக்காட்டுத் தலைப்பு வாயையும் மூக்கையும் மூடியிருந்தது. தெரிந்த அளவில் இரண்டு கண்ணும் மூடியிருந்தன.

சுஹறா, நான் பயந்தது அவள் உள்ளே வந்ததற்கல்ல. அவள் நடக்கும் நடைக்கு. கால் முன்விரலால் தரையைத் தொட்டுப் பார்த்து, பிறகு குதியை வைக்கிறாள். உனக்குப் பதினாலு வயதில் பார்வை போன புதிதில் நீ அப்படித்தான் நடந்தாய். பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுதுகொண்டு உம்மாவின் அறைக்கும் கிணற்றடிக்கும் நடந்த நடை. இப்போது நீ அப்படி நடப்பதில்லை. உன் பழைய நடையை எதுவோ எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குள் நடக்கிறது.

றாஹிலாவிடம் கமராவைப் பற்றிச் சொல்லாமல், உன் வீட்டுக்கு யாரும் வந்து போகிறார்களா என்று கேட்டேன். ஒருவரையும் காணவில்லை என்றாள். குரல் நடுங்கியது. அவளும் எதையோ பார்த்துப் பயந்திருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

மௌலவியைக் கூப்பிட்டு வீட்டில் ஸூறா பகறா ஓதச் சொல். அதன் பிறகு வீட்டைப் பூட்டிச் சாவியை றாஹிலாவிடம் கொடுத்துவிட்டு அவளோடு போய் இரு. அந்த வீட்டை வாடகைக்கு விடுவோம். இனி உன்னைத் தனியே இருக்க விட மாட்டேன். இது மூத்தவனின் சொல்.

காக்கா


கல்முனைக்குடி
02.07.2024

காக்கா,

முதலில் கமராவுக்கு. என் வீடு என்று நினைத்து நான் மண்டபத்தில் முக்காடில்லாமல் தலை காயவிட்டேன். உடைந்த குரலில் பைத்து பாடினேன். கால் நீட்டிக்கொண்டு அன்னமுன்னாப் பழம் தின்று கொட்டையைத் துப்பினேன். பார்க்க ஆள் இல்லை என்பதுதான் என்னைப் போன்றவளுக்குத் தனி வீட்டின் இன்பம். கமராவை வைத்து அதையும் பறித்துவிட்டீர்கள். கண் தெரிந்த தங்கச்சியாக இருந்தால் பூட்டியிருப்பீர்களா? அவள் நிமிர்ந்து பார்த்து இது என்ன என்று கேட்டிருப்பாள். நான் கேட்க மாட்டேன் என்ற துணிவு உங்களுக்கு.

இரண்டாவது, நான் வீட்டை விட்டுப் போகப் போவதில்லை. மச்சி தங்கமானவள்தான். அவளது வீட்டுக்குப் போனால் நாளைக்கு அவளது கதிரையில் உட்காரக் கேட்க வேண்டும், தேத்தண்ணி ஊற்றக் கேட்க வேண்டும். பதினாலு வயதிலிருந்து பாடுபட்டு நான் சேர்த்த ஒரே சொத்து ஒருவரையும் கேட்காமல் எழும்பி நடப்பது. அதைச் சாவியோடு சேர்த்துக் கொடுக்க மாட்டேன்.

பயம் இல்லை என்று பொய் சொல்லவும் மாட்டேன். உங்கள் கடிதத்தைக் கம்ப்யூட்டர் வாசித்து முடித்ததும் அதை நிறுத்தினேன். நிறுத்திய பிறகுதான் வீடு எவ்வளவு ஊமை என்று தெரிந்தது. எனக்குப் பின்னால் ஒரு ஆள் நின்றாலும் தெரியாது. பழைய வீட்டில் எனக்குக் கண் மட்டும்தான் தெரியவில்லை. இந்த வீட்டுக்கு வந்துதான் நான் குருடானேன்.

அதனால் நல்லரெத்தினத்தாரைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொல்லவில்லை, நிலைப்படி வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். "தங்கச்சி, கதவு மூச்சுக்கூட விடப்படாதெண்டு ஒங்கட காக்கா என்னைப் படுத்தின பாடு. இப்ப சத்தம் வேணுமெண்டுறீங்க. நீங்க ரெண்டு பேரும் ஒருக்காக் கதைச்சுப்போட்டுச் சொல்லியிருக்கலாம்" என்றார். முன் வாசலில் முதிரைக் கட்டை ஒன்று வைத்து இறுக்கிவிட்டார். காலால் தட்டிப் பார்த்தேன், உயிர் வந்தது போல் இருந்தது.

மௌலவியை அழைக்கவில்லை. ஜின்னாக இருந்தால் கைப்பிடி எதற்கு? சீனிப் போத்தல் மூடியைத் திறந்து பார்ப்பது எதற்கு? அது எதையோ தேடி வருகிறது. நாளைக்குப் பிள்ளைகளுக்கு ஓதல் இல்லை என்று சொல்லிவிட்டேன். அஸர் தொழுதுவிட்டு மண்டபத்து மூலைக் கதிரையில் இருக்கப் போகிறேன். வருகிறது வரட்டும். நீங்கள் வேண்டுமானால் மேலேயிருந்து பாருங்கள், உங்களுக்குத்தான் வசதி இருக்கிறதே.

சுஹறா


தோஹா
03.07.2024

சுஹறா,

போனை எடு. றாஹிலாவும் எடுக்கவில்லை. எடுக்க மாட்டாய் என்றால் இதையாவது வாசி.

எல்லாவற்றையும் பார்த்தேன். நீ மூலையில் அசையாமல் இருந்தாய். கதவு திறந்தது. நான் இங்கிருந்து கத்தினேன், ஒபிஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு, கையைக் கைப்பிடிக்கு நீட்டியபடி வந்தாள். புதிதாக வைத்த கட்டை அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. தடுக்கி அப்படியே முகம் குப்புற விழுந்தாள். பேயும் ஜின்னும் அப்படி விழாது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

நீ எழும்பிப் போனாய். பக்கத்தில் குந்தினாய். இரண்டு கையாலும் அவளது முகத்தைத் தடவினாய். நெற்றி, கண், மூக்கு, நாடி. பிறகு உன் கை நின்றுவிட்டது. உங்கள் இருவரின் தோள்களும் குலுங்கின, சிரித்தீர்களா அழுதீர்களா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கமராவுக்குச் சத்தம் கேட்காது. உன் தலை அவளது முகத்தை மறைத்துவிட்டது. அதன் பிறகு நீ கதிரையில் ஏறிச் சுவரைத் தடவினாய், கமரா மீது துணி ஒன்று விழுந்தது, எல்லாம் இருட்டு.

யார் அவள்? உனக்குத் தெரிந்தவளா? உனக்கு ஒன்றும் நடக்கவில்லையே? ஒரே ஒரு சொல் எழுது.

நஸீம்


கல்முனைக்குடி
05.07.2024

காக்கா, ஸலாம்.

எனக்கு ஒன்றும் இல்லை. இரண்டு நாள் பிந்தியதற்குக் காரணம், இதை உங்களுக்கு எழுத அவளது சம்மதம் வேண்டியிருந்தது. நேற்று இஷாவுக்குப் பிறகுதான் தந்தாள்.

அவள் றாஹிலா மச்சி. உங்கள் மனைவி.

உட்கார்ந்து வாசியுங்கள். அவளுக்குப் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. எனக்கு வந்த அதே வருத்தம். நம் வாப்பாவோடு உடன்பிறந்த மாமியின் மகள் அல்லவா அவள், ஒரே இரத்தம். எனக்குச் சின்னதில் வந்தது, அவளுக்கு முப்பது கடந்து வந்திருக்கிறது. முதலில் பொழுது பட்டால் தெரியவில்லையாம். பிறகு இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு வந்ததாம். இப்போது நடுவில் ஒரு ஓட்டை மட்டும்தான், அதற்குள் வருவது தெரியும், மற்றதெல்லாம் இல்லை. கண் கிளினிக்குக்குத் தனியே போய் வந்திருக்கிறாள். மருந்தில்லை, கடைசியில் அந்த ஓட்டையும் மூடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் கடைசியாக லீவில் வந்து நின்றபோதே அவளுக்குத் தெரியுமாம். விளக்கைக் கொளுத்தி வைத்துச் சமாளித்திருக்கிறாள். வீடியோவில் வந்தால் கோப்பையைத் தேடிக் கை அலைவதை நீங்கள் கண்டுவிடுவீர்கள் என்றுதான் வராமல் விட்டாள்.

நான் வெளியே போன பிறகு என் வீட்டுக்கு வந்து கண்ணை மூடிக்கொண்டு பழகியிருக்கிறாள். கைப்பிடியைப் பிடித்து நடக்க, தடவிச் சீனியையும் உப்பையும் கண்டுபிடிக்க, சிந்தாமல் தேத்தண்ணி ஊற்ற. நான் கேட்டால் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டேனா என்று ஏசினேன். என்னிடம் சொன்னால் உங்களுக்குச் சொல்லிவிடுவேன் என்று பயந்தாளாம்.

ஏன் உங்களிடம் மறைத்தாள் என்று கேட்டேன். அவள் சொன்னதை அவளது வாயால் வந்தபடியே எழுதுகிறேன்.

"அவருக்குத் தெரிஞ்சா எனக்கும் இப்பிடி ஒரு வீட்டக் கட்டத் தொடங்கிருவார் மச்சி. அதுக்காக இன்னும் பத்து வருஷம் கட்டார்ல நிப்பார். வீடு முடியிற நேரம் எனக்கு அவர்ர முகம் தெரியாது. எனக்கு வீடு வேணாம். அவர்தான் வேணும்."

இதைக் கேட்டு எனக்கு அழுகையும் வந்தது, உங்கள் மீது ஆத்திரமும் வந்தது. நீங்கள் கெட்டவர் இல்லை காக்கா. பெண்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தால் கடமை முடிந்தது என்று இந்த ஊர் உங்களுக்குச் சொல்லித் தந்தது, நீங்களும் கேள்வி இல்லாமல் நம்பிவிட்டீர்கள்.

நானும் குறைந்தவள் இல்லை. எனக்கு வேண்டிய நிலைப்படி அவளை விழுத்தியது. முழங்கால் கிழிந்து தையல் போட்டிருக்கிறோம். நான் வெறுத்த கைப்பிடியைப் பிடித்துத்தான் அவள் நடக்கப் பழகினாள். குருடு என்றால் எல்லோரும் என்னைப் போலத்தான் என்று நானும் நினைத்திருந்தேன். நேற்று ஓடாவியார் வந்தார். இந்த முறை மச்சியும் நானும் பக்கத்தில் நின்று கதைத்தோம். கட்டையைக் கழற்றிவிட்டு, தரையோடு தரையாக ஒரு பலகை இறக்கியிருக்கிறார். மிதித்தால் முனகும், காலைத் தடுக்காது. யன்னல் கண்ணாடியில் ஒன்றைக் கழற்றிவிட்டோம், கடல் வந்துவிட்டது. கைப்பிடி இருக்கிறது.

கடைசியாக ஒன்று. கமராவைப் பற்றி நான் அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. துணி போட்டபோது ஒட்டடை என்றேன். ஆனால் நேற்று அவளே கதையோடு கதையாகச் சொன்னாள், "இந்த வீட்டுக்குள்ள என்னமோ இரிக்கி மச்சி. நான் நடக்கக்குள்ள மேலால நிண்டு பாத்துக்கிட்டே இரிக்கும். ஒரு நாள் எனக்கு ஏறிட்டுப் பாக்க மனம் வந்திச்சு, பயத்தில கண்ணத் திறக்கல்ல."

அவள் பயந்த அந்தப் பேய் நீங்கள்தான் காக்கா. அதை அவளுக்கு நான் சொல்ல மாட்டேன். நீங்கள் வந்து சொல்லுங்கள்.

சுஹறா


தோஹா
07.07.2024

சுஹறா,

வேலையை விட்டு வர எழுதிக் கொடுத்துவிட்டேன். மாதக் கடைசிக்குள் விடுவார்கள்.

படங்களை அழிப்பதற்கு முன் ஒரு முறை போட்டுப் பார்த்தேன். முகம் விழவில்லை, நடை மாறியிருந்தது, அதனால்தான் தெரியவில்லை என்று உனக்கு எழுத நினைத்தேன். அது பொய். நான் கட்டிய கைப்பிடியில் நீ நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அதைத்தான் பார்த்தேன். அந்தக் கை என் மனைவியின் கை. நான் போட்ட மோதிரம் அதில் இருக்கிறது. இத்தனை நாளும் அது படத்தில் மின்னிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

பேய் யார் என்று அவளுக்கு நானே சொல்கிறேன். அதற்குப் பிறகு அவள் என்னை வீட்டுக்குள் எடுப்பாளா என்று தெரியாது.

விமானத்திலிருந்து இறங்கி வந்து நான் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் கீறத் தொடங்கினேன். பிறகு தாளைக் கிழித்துவிட்டேன். நீ அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டுச் சொல். நான் வந்து எங்கே நின்றால் அவளுக்கு என் முகம் தெரியும்?

நஸீம்